உப்புக் காற்றில் ஒரு லேத்: படகு இன்ஜின் பாகங்களை வீட்டுப் பட்டறையில் செய்ய முழுமையான வழிகாட்டி

பாக் நீரிணையில் இரவுத் தொழிலுக்குப் போன நாட்டுப்படகின் இன்ஜின் நடுவில் நின்றுபோனால், அதன்பிறகு படகு போகும் திசையை நீரோட்டம்தான் முடிவு செய்யும். 1974-ல் வகுத்த இந்திய-இலங்கைக் கடல் எல்லை தனுஷ்கோடிக்கு அப்பால் வெகுதூரத்தில் இல்லை. அப்படி இன்ஜின் நிற்பதற்குப் பெரும்பாலும் பிஸ்டனோ கிராங்கோ காரணமாக இருப்பதில்லை. கடல்தண்ணீர் பம்ப்பில் தேய்ந்த ஒரு புஷ் (ஷாஃப்ட் சுற்றுவதற்கான குழாய் வடிவ உறை), பள்ளம் விழுந்த ஒரு ஷாஃப்ட், வெடித்த ஒரு புல்லி என்று கைக்குள் அடங்கும் சாமான்தான் காரணமாக இருக்கும். இன்ஜின் பழசு என்றால் கடையில் அந்தப் பாகம் கிடைக்காது. கிடைத்தாலும் முழு செட்டாகத்தான் தருவார்கள்.

இந்தச் சின்னப் பாகங்களை மண்டபத்திலோ தொண்டியிலோ வீட்டுப் பின்கட்டில் ஒரு சிறிய லேத்தை (கடைசல் இயந்திரத்தை) வைத்துக்கொண்டு, கம்பெனி சாமானுக்குக் குறைவில்லாமல் செய்ய முடியும். ஆனால் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் இந்தக் கரையில் சீக்கிரம் ஏமாந்துபோவார்கள். அளவெடுப்பதிலும் உலோகம் தேர்வதிலும்தான் முக்கால்வாசி வேலை முடிகிறது. அந்த முக்கால்வாசிக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே வேலையைக் கடைசிவரை எடுத்துக்கொள்வோம்: ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினில் பெல்ட்டில் ஓடும் கடல்தண்ணீர் பம்ப், அதன் 20 மி.மீ. ஷாஃப்ட், அந்த ஷாஃப்ட் சுற்றும் கன்மெட்டல் (ஒரு வெண்கல வகை) புஷ்.

எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

புஷ், பம்ப் ஷாஃப்ட், ஸ்பேசர், புல்லி, வாஷர், எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்ச், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட், கேஸ்கெட், தண்ணீர்க் குழாய் நிப்பிள். இவை வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற வேலைகள்.

கனெக்டிங் ராட், அதன் போல்ட், கிராங்க் ஷாஃப்ட், ஃபிளைவீல், வால்வ் ஸ்பிரிங், இன்ஜெக்டர், அதற்குப் போகும் ஹை பிரஷர் பைப் ஆகியவற்றை யார் கெஞ்சிக் கேட்டாலும் செய்யாதீர்கள். ஃபிளைவீலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தாலும் ஓடும் வேகத்தில் அது சிதறி, பக்கத்தில் நிற்பவரைக் கொல்லும். இன்ஜெக்டர் திறக்கும் அழுத்தம் சாதாரணமாக 200 பார் அளவில் இருக்கும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து ரத்தத்தில் கலந்துவிடும். கனெக்டிங் ராட் போல்ட்டைப் பொறுத்தவரை, அதன் பலம் வடிவத்தைவிட ஹீட் ட்ரீட்மென்டிலும் உருட்டி எடுத்த மரையிலும்தான் இருக்கிறது. லேத்தில் அச்சு அசலாகக் கடைந்து எடுத்தாலும் அந்த பலம் வராது.

ஒரு பாகம் உடைந்தால் இன்ஜின் மெதுவாக நிற்குமா, இல்லை வெடித்து ஆளைத் தாக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது பதில் வந்தால் அந்த வேலையைத் திருப்பி அனுப்புங்கள்.

பட்டறை

நான்கரை அடி பெட் உள்ள பழைய லேத் ஒன்று போதும். ராஜ்கோட், பட்டாலா தயாரிப்புகள் மதுரையிலும் கோயம்புத்தூரிலும் கைமாற்றுக்குக் கிடைக்கும். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சக்கின் (பொருளைப் பிடித்துச் சுற்றும் தலை) அருகே உள்ள பெட்டில் (லேத்தின் அடித்தண்டவாளம்) விரலை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுகிறதா என்று. பெரும்பாலான வேலை அங்கேதான் நடந்திருக்கும் என்பதால் தேய்மானமும் அங்கேதான் இருக்கும். அப்புறம் ஸ்பிண்டிலில் டயல் கேஜை வைத்து, ஒரு கட்டையால் சக்கை மேலே நெம்பிப் பாருங்கள். முள் 0.02 மி.மீ.-க்கு மேல் ஆடினால் பேரிங் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வீட்டு மின்சாரம் சிங்கிள் ஃபேஸ். பழைய லேத்துகள் பெரும்பாலும் த்ரீ ஃபேஸ் மோட்டாரோடு வரும். 230 வோல்ட் உள்ளே வாங்கி த்ரீ ஃபேஸ் வெளியே கொடுக்கும் டிரைவ் ஒன்றை மாட்டினால் மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை, வேகத்தையும் நினைத்தபடி கூட்டிக் குறைக்கலாம். எர்த் விஷயத்தில் மட்டும் அலட்சியம் வேண்டாம். நம் கடற்கரை மணல் கோடையில் காய்ந்துவிட்டால் மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. ஆழமாக எர்த் குழி போட்டு அதை ஈரமாக வைத்திருங்கள். பட்டறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றைக் கட்டாயம் மாட்டுங்கள்.

அடுத்தது உப்பு. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டது என்றால், நம் லேத் பெட் எம்மாத்திரம்! கச்சான் காற்று வீசும் மாதங்களில் ராத்திரி துடைக்காமல் விட்ட பெட்டில் காலையில் செம்மை படர்ந்திருக்கும். கடல் பக்கம் பார்த்த ஜன்னலை அடைத்துவிடுங்கள். வேலை முடிந்ததும் பெட்டையும் லீட் ஸ்க்ரூவையும் ஸ்லைடு ஆயிலால் துடைத்து, எண்ணெயில் நனைத்த துணியால் மூடுங்கள். மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்த்துத் துரு ஏறும். மைக்ரோமீட்டரையும் ரீமரையும் (துளையைக் கடைசி அளவுக்குச் சீவும் கருவி) மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

உடுப்பு விஷயமும் சொல்லியாக வேண்டும். கைலி, வேட்டி, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கையுறை எதுவும் சுற்றும் சக்கின் பக்கத்தில் வரக்கூடாது. நம் ஊர் வெக்கைக்குத் துண்டு இல்லாமல் இருக்க முடியாதுதான், அதை ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டுக் கையை எடுக்கும் பழக்கம் ஒருநாளும் வேண்டாம். கண்ணாடி எப்போதும் வேண்டும். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு போடுங்கள்.

படி 1: செத்த பாகத்தைப் படிப்பது

படகுக்காரர் பாகத்தைக் கையில் கொடுத்து, "தம்பி, இதே மாதிரி ஒண்ணு போட்டுக் குடு" என்பார். அவர் கையில் இருப்பது தேய்ந்துபோன பாகம். அதை அப்படியே நகல் எடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்து நகல் எடுத்ததாகிவிடும். "சரிண்ணே, பம்ப்போட முழுசாக் கொண்டாங்க" என்று சொல்லுங்கள். உடல், ஷாஃப்ட், புஷ், புல்லி, சீல் எல்லாம் வேண்டும். கழுவாமல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

புஷ்ஷின் உள்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரே பக்கம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். இரண்டு முனைகளில் எதிரெதிர்ப் பக்கமாகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் இல்லை. சுற்றிலும் வரிவரியாகக் கீறியிருந்தால் மணலோ உப்புத் துகளோ உள்ளே போயிருக்கிறது, அதாவது சீல் வேலை செய்யவில்லை.

பித்தளைப் பாகமாக இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. மஞ்சளாக இருக்க வேண்டிய இடத்தில் இளஞ்சிவப்புத் திட்டு தெரிகிறதா என்று பார்த்து, அந்த இடத்தை ஊசியால் கீறுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் அதிலிருந்த துத்தநாகத்தைக் கடல்தண்ணீர் கரைத்துவிட்டது, ஓட்டை விழுந்த செம்பு மட்டும்தான் மிச்சம். வெளிவடிவம் மாறாமலே உள்ளே பலம் போயிருக்கும். அந்த இடத்தில் திரும்பவும் பித்தளை போடாதீர்கள்.

காரணம் தெரியாமல் புதுசு போட்டால் அதுவும் பழசு போன வழியிலேயே போகும். அதனால் நகல் எடுக்கும் முன் என்ன திருத்த வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்: பெல்ட் இறுக்கம், சீல், நேர்கோடு.

படி 2: அளவெடுப்பு

டிஜிட்டல் வெர்னியர் நீளத்துக்கும் முதல் பார்வைக்கும் உதவும். பிடிப்பு அளவுகளை (ஒன்றுக்குள் ஒன்று இறுகி உட்கார வேண்டிய அளவுகளை) அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 0 முதல் 25 வரை, 25 முதல் 50 வரை என்று இரண்டு மைக்ரோமீட்டர், துளைக்கு டெலஸ்கோப்பிக் கேஜ் அல்லது போர் கேஜ், ஒரு டயல் கேஜ், ஒரு மரை கேஜ் ஆகியவை வேண்டும்.

ஷாஃப்ட்டில் தேயாத இடம் ஒன்று எப்போதும் இருக்கும். புஷ்ஷுக்கும் சீலுக்கும் நடுவில், அல்லது புல்லிக்கு அடியில். அங்கே 19.97 காட்டினால் அசல் ஷாஃப்ட் 20 மி.மீ. வகை என்று தெரிந்துவிடும். தேய்ந்த இடம் 19.80 காட்டுவது எவ்வளவு தேய்ந்தது என்பதை மட்டும் சொல்லும். பேரிங் உட்காரும் இடமாக இருந்தால் பேரிங் நம்பரே அளவைச் சொல்லிவிடும்: 6203 என்றால் உள்துளை 17, வெளிவிட்டம் 40, அகலம் 12. 6204 என்றால் 20, 47, 14. 6205 என்றால் 25, 52, 15.

பம்ப் உடலில் புஷ் உட்காரும் துளையை மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு திசையில் அளந்து, ஆறு எண்ணையும் எழுதுங்கள். ஆறும் 0.02-க்குள் இருந்தால் துளை நன்றாக இருக்கிறது. முட்டை வடிவில் போயிருந்தால் உடலையே நான்கு ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக்கில் மாட்டி, துளையைப் பெரிதாக்கி, அதற்கேற்ற புஷ் போட வேண்டும்.

சூட்டை மறந்துவிடாதீர்கள். வெண்கல வகை ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 18 மைக்ரான் விரியும். கடைந்து முடித்த கையோடு 26 மி.மீ. புஷ்ஷை அளந்தால், அது சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரி சூடாக இருக்கும் பட்சத்தில், 0.014 மி.மீ. பெரிதாகக் காட்டும். நாம் வைக்கப்போகும் பிடிப்போ மொத்தமே 0.03. பாதி அங்கேயே தொலைந்துவிடும். தண்ணீரில் முக்கி, துடைத்து, பம்ப் உடலோடு ஒரே மேசையில் கொஞ்ச நேரம் கிடக்கவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள். சித்திரை வெயிலில் தகர ஷெட்டுக்குள் வேலை பார்ப்பவர்கள் கடைசி அளவைக் காலை நேரத்துக்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது.

மரையில் குழப்பம் அதிகம் வரும். பழைய இன்ஜின்களில் மெட்ரிக்கும் விட்வொர்த்தும் (பழைய பிரிட்டிஷ் இன்ச் மரை) கலந்தே இருக்கும். எம்12 மரையின் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1.75 மி.மீ. அரை இன்ச் விட்வொர்த் மரை இன்ச்சுக்கு 12, அதாவது சுமார் 2.12 மி.மீ. மரையின் கோணமும் வேறு, மெட்ரிக்கில் 60 டிகிரி, விட்வொர்த்தில் 55. நட்டு இரண்டு சுற்று ஏறியதும் இறுகினால் மரை வேறு என்று அர்த்தம், ஸ்பேனரால் அழுத்தி ஏற்றாதீர்கள்.

எல்லா அளவையும் கட்டம் போட்ட தாளில் படமாக வரையுங்கள். அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எழுதியிருந்தால் போதும். நம் உதாரணத்துக்கு:

- பம்ப் உடல் துளை: அளந்தது 26.01
- புஷ் வெளிவிட்டம்: 26.04, அதாவது 0.03 மி.மீ. பிடிப்பு
- புஷ் உள்துளை, பொருத்தியபின்: 20.00 முதல் 20.02 வரை
- ஷாஃப்ட்: 19.96 முதல் 19.98 வரை

ஷாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் 0.02 முதல் 0.06 வரை இடைவெளி வரும். கிரீஸில் ஓடும் 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு அது சரியாக இருக்கும். இன்னும் டைட்டாக வைத்தால் இன்னும் நன்றாக ஓடும் என்று சிலர் நம்புகிறார்கள். அங்கே கிரீஸ் நிற்க இடம் இல்லாமல் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

படி 3: உலோகம்

மதுரையிலும் கோயம்புத்தூரிலும் நன்றாக ஓடும் அதே பாகம் இங்கே ஓராண்டில் போய்விடும். எந்த உலோகத்தைக் கடல்தண்ணீர் தொடுகிறது, அது எந்த உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் வைத்துக்கொண்டுதான் பொருள் வாங்க வேண்டும்.

புஷ்ஷுக்கு எல்ஜி2 கன்மெட்டல். செம்பு 85, வெள்ளீயம் 5, துத்தநாகம் 5, ஈயம் 5 என்ற விகிதம். ஈயம் இருப்பதால் கிரீஸ் கொஞ்சம் வற்றினாலும் ஷாஃப்ட்டை உடனே கடித்துவிடாது. சுமை அதிகமுள்ள இடத்துக்குப் பாஸ்பர் பிரான்ஸ், அது கடினமானது. அதற்கு வழவழப்பான, கெட்டியான ஷாஃப்ட் வேண்டும். நடுவில் துளையோடு வார்த்த குச்சியாக எடைக்கு வாங்கினால் வீணாகும் உலோகம் குறையும். பழைய சாமான் கடையில் வாங்குவதானால், புதிதாக அரம் போட்ட இடத்தில் நிறத்தைப் பாருங்கள். கன்மெட்டல் சிவப்பு கலந்து இருக்கும், பித்தளை நல்ல மஞ்சளாக இருக்கும்.

ஷாஃப்ட்டுக்கு எஸ்எஸ் 316. கடையில் "எஸ்எஸ்" என்று மட்டும் கேட்டால் 304-ஐத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. கடல் உப்பிலுள்ள குளோரைடு ஊசிக்குத்தாகத் துளைப்பதை அதுதான் தடுத்து நிறுத்துகிறது. 304 ஷாஃப்ட் பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும், ஆனால் சீல் லிப் உட்காரும் இடத்தில் குழிக்குழியாக அரித்துத் தண்ணீர் விடும். காந்தம் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது, இரண்டிலும் சரியாக ஒட்டாது. மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டு மருந்து உண்டு. ஒரு குப்பி வாங்கி வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு குச்சியிலும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கடல்தண்ணீர் தொடாத பாகம் என்றால் இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) தாராளமாகப் போதும், விலையும் குறைவு. ஃபிளாஞ்சுக்கும் பிளேட்டுக்கும் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்). நைலானில் புஷ் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நைலான் தண்ணீர் குடித்து ஊதி ஷாஃப்ட்டைப் பிடிக்கும். பிளாஸ்டிக்தான் வேண்டும் என்றால் டெல்ரின் பரவாயில்லை, அது குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு.

அலுமினிய பம்ப் உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட் மாட்டும்போது கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அதுவே ஒரு பேட்டரி ஆகி, அலுமினியம் வெள்ளை மாவாகக் கரையும். போல்ட் மரையில் மரைன் கிரீஸ் தடவி, தலைக்கு அடியில் நைலான் வாஷர் போடுங்கள். கிராஃபைட் கேஸ்கெட்டைக் கடல்தண்ணீர்ப் பக்கம் பயன்படுத்தாதீர்கள், அதுவும் இதே அரிப்பைக் கிளப்பும்.

படி 4: புஷ் கடைவது

மூன்று ஜா சக் 0.05 முதல் 0.1 மி.மீ. வரை ஆடுவது சகஜம். அதனால் வெளிவிட்டம், உள்துளை இரண்டையும் ஒரே பிடியில் முடித்து, கடைசியாக வெட்டி எடுக்க வேண்டும். நடுவில் கழற்றித் திருப்பி மாட்டினால் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் நிற்காது.

30 மி.மீ. கன்மெட்டல் குச்சியை 40 மி.மீ. வெளியே நீட்டி மாட்டுங்கள். வேகத்துக்குக் கணக்கு இருக்கிறது: வெட்டு வேகத்தை 1000-ஆல் பெருக்கி, 3.14-ஐயும் விட்டத்தையும் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் கன்மெட்டலுக்கு நிமிடத்துக்கு 40 மீட்டர் என்று வைத்தால் 30 மி.மீ. குச்சிக்குச் சுமார் 425 சுற்று வரும். அதற்குப் பக்கத்தில் லேத்தில் எந்த வேகம் இருக்கிறதோ அது போதும்.

டூலின் மேல்பக்கம் சரிவில்லாமல் மட்டமாக இருக்கட்டும். இரும்புக்குத் தீட்டிய சரிவான டூலை வைத்தால் கன்மெட்டலுக்குள் தானாகக் குத்தி இழுக்கும். டிரில் பிட்டுக்கும் இதேதான். வெட்டும் விளிம்பை எண்ணெய்க் கல்லில் இலேசாக ஒரு தேய் தேய்த்து மழுங்க வைத்துவிட்டுத் துளையிடுங்கள். கூலன்ட் வேண்டாம், உலர்வாகவே கடையலாம். சுருள் வராது, ஊசி ஊசியாகத் தெறிக்கும். கழுத்துப் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முகத்தை மட்டம் செய்து, சென்டர் டிரில் போட்டு, 18 மி.மீ. வரை துளையிட்டு, போரிங் பாரால் 19.8-க்குக் கொண்டுவாருங்கள். உள்துளை இப்போதைக்கு அங்கேயே நிற்கட்டும். புஷ்ஷை உடலில் ஏற்றியதும் வெளியே உள்ள பிடிப்பில் பெரும்பகுதி உள்ளே சுருக்கமாக இறங்கும். இப்போதே 20 என்று முடித்தால் ஏற்றியபின் ஷாஃப்ட் நுழையாது.

வெளிவிட்டத்தை 26.3 வரை வேகமாக இறக்கி, ஆறவிட்டு அளந்து, மீதியை நிதானமாக எடுங்கள். மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே மிச்சமிருக்கும் கடைசி வெட்டைக் கிராஸ் ஸ்லைடு (டூலைக் குறுக்கே நகர்த்தும் தட்டு) டயலில் பிடிப்பது பழைய லேத்தில் கஷ்டம். அதற்கு ஒரு வழி உண்டு. அதன் மேலே உள்ள, கோணத்தில் திருப்பக்கூடிய காம்பவுண்ட் ஸ்லைடை லேத்தின் நீளக் கோட்டிலிருந்து 5.7 டிகிரி மட்டும் திருப்பி வையுங்கள். இப்போது காம்பவுண்ட் டயலில் 0.1 நகர்த்தினால் டூல் உள்ளே 0.01 மட்டுமே போகும், விட்டத்தில் 0.02 குறையும். தேய்ந்த டயலுள்ள லேத்தையும் இந்தக் கோணம் நம்பகமாக ஆக்கிவிடும்.

26.04-ல் நிறுத்துங்கள். உள்ளே நுழையும் முனையில் 15 டிகிரி சரிவில் 2 மி.மீ. சாம்ஃபர் போடுங்கள். 25 மி.மீ. நீளத்தில் பார்ட்டிங் டூலால் வெட்டி எடுத்து, உள்ளும் வெளியும் பிசிறு நீக்குங்கள். கிரீஸ் துளை இருந்தால் 4 மி.மீ. துளையிட்டு, அதன் உள்விளிம்பையும் மழுக்குங்கள்.

படி 5: ஷாஃப்ட்

316-ஐக் கடையும்போது டூல் வெட்ட வேண்டும், உரசக்கூடாது. உரசினால் மேல்தோல் கெட்டியாகி அடுத்த வெட்டில் டூல் வழுக்கும். 25 மி.மீ. குச்சிக்கு நிமிடத்துக்கு 15 மீட்டர் கணக்கில் சுமார் 190 சுற்று. கூர்மையான டூல், தாராளமான கூலன்ட், நிற்காத ஃபீடு. 0.05 மட்டும் எடுத்துப் பார்க்கலாம் என்று தயங்கித் தயங்கி வெட்டினால்தான் இந்த உலோகம் கெட்டியாகிறது.

இரண்டு முனையிலும் சென்டர் துளை போட்டு, இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டிக் கடையுங்கள். கழற்றி மாட்டினாலும் மையம் மாறாது. பின்னால் யாராவது திரும்பக் கடைய வேண்டி வந்தாலும் அதே சென்டர் உதவும், அதனால் அவற்றை வெட்டி எறியாதீர்கள். 20.01 வரை டூலால் கொண்டுவந்து, மீதியை 400, பிறகு 600 எமரித் தாளில் எண்ணெய் விட்டு முடியுங்கள். தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிப் பிடியுங்கள், விரலில் சுற்றாதீர்கள். சீல் உட்காரும் இடத்தில் கட்டையைப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டாம். நகர்த்தினால் கண்ணுக்குத் தெரியாத மரை போல ஒரு கோடு விழுந்து, சுற்றும்போது தண்ணீரை அதுவே உள்ளே இழுத்துவரும்.

பழைய ஷாஃப்ட்டில் சீல் லிப் பள்ளம் போட்டிருந்ததே, புது ஷாஃப்ட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சீல் ஏறும் முனையில் சரிவு போட்டு மெருகேற்ற மறந்தால், மாட்டும்போதே புது சீலின் லிப் கிழிந்துவிடும்.

கீவே (புல்லி ஷாஃப்ட்டில் வழுக்காமல் இருக்கச் செருகும் கீ உட்காரும் பள்ளம்): 20 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 6×6 கீ. ஷாஃப்ட்டில் ஆழம் 3.5, புல்லியில் 2.8. மில்லிங் மெஷின் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் ஊரிலுள்ள கடைசல் பட்டறைக்குக் கொடுப்பதில் தப்பில்லை. புல்லியின் உள்ளே வெட்டுவதை லேத்திலேயே செய்யலாம்: 6 மி.மீ. அகல டூலைப் படுக்கவைத்துப் பிடித்து, சக்கைப் பூட்டிவிட்டு, கேரேஜை முன்னும் பின்னும் தள்ளி, ஒவ்வொரு முறையும் 0.05 வீதம் சுரண்ட வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால் நேராக வரும்.

படி 6: பொருத்துவது

சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். அலுமினிய உடலிலுள்ள ரப்பர், சீல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, உடலை 120 டிகிரி வரை சூடாக்குங்கள். 26 மி.மீ. துளை 0.05 மி.மீ. அளவுக்கு விரியும். புஷ்ஷை முந்தின ராத்திரியே வீட்டு ஃப்ரீசரில் போட்டுவைத்திருந்தால் அது 0.02 சுருங்கியிருக்கும். 0.03 பிடிப்புக்கு எதிராக 0.07 கிடைக்கிறது, விரலால் தள்ளினாலே போய் உட்காரும். கிரீஸ் துளை உடலின் துளைக்கு நேராக வரும்படி முன்கூட்டியே பென்சிலில் கோடு போட்டுவையுங்கள். உள்ளே போனதும் சில நொடியில் பிடித்துவிடும், திருப்ப முடியாது.

முழுசாக ஆறியபின் 20 மி.மீ. ரீமரைக் கையால் சுற்றுங்கள். ரீமரை எப்போதும் வெட்டும் திசையிலேயே சுற்ற வேண்டும், வெளியே எடுக்கும்போதும் அதே திசைதான். இரண்டு புஷ் என்றால் இரண்டையும் ஒரே ஓட்டத்தில், நீள ரீமரால் முடித்தால்தான் நேர்கோடு கிடைக்கும்.

மரைன் கிரீஸ் தடவி ஷாஃப்ட்டை விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே மெல்ல இறங்க வேண்டும். எங்காவது இடித்தால் அந்த இடத்தில் மார்க்கிங் ப்ளூ தடவி, சுற்றி எடுத்து, நீலம் ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள்.

கேஸ்கெட்டும் ஃபிளாஞ்சும்

கேஸ்கெட்டுக்குக் கடல்தண்ணீர்ப் பக்கம் நைட்ரைல் ரப்பர் ஷீட், சூட்டுப் பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஃபைபர் ஷீட். பழைய கேஸ்கெட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் காய்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல், நனைத்து எடுங்கள். பம்ப் முகத்தில் மெலிதாகக் கிரீஸ் தடவி ஷீட்டில் அமுக்கினால் அச்சு விழும், அதை வெட்டினால் ஆயிற்று.

எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சுக்கு 10 மி.மீ. எம்எஸ் பிளேட். வெல்டிங் செய்தால் அது வளையும், அதைத் தடுக்க முடியாது. அதனால் முதலில் வெல்டிங், அப்புறம் முகம் மட்டம் செய்வது என்ற வரிசையை மாற்றாதீர்கள். லேத்தில் மாட்ட முடியாத வடிவமாக இருந்தால் தடித்த கண்ணாடி மேல் எமரித் தாளை ஒட்டித் தேய்த்து மட்டம் பாருங்கள். படகிலேயே வைத்து வெல்டிங் செய்யும் எண்ணம் வேண்டாம், டேங்க்கிலும் பில்ஜிலும் (படகின் அடிப்பள்ளம்) டீசல் ஆவி நிற்கும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் கரையில், நல்ல தண்ணீர் வாளியோடு. இன்ஜினை மூடிய ஷெட்டுக்குள் ஓட்டாதீர்கள், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் 10 மி.மீ. தாழ வேண்டும். கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்தி, புஷ் இருக்கும் இடத்தில் கையை வையுங்கள். கை வைத்து நிற்க முடிந்தால் சரி. தொட்டதும் கையை எடுக்கத் தோன்றினால் கழற்றிப் பாருங்கள், எங்கோ பிடிக்கிறது.

அப்புறம் கரை ஓரமாகக் கடல்தண்ணீரில் ஒரு மணி நேரம். படகுக்காரரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் இறுக்கத்தை அவர் கையாலேயே வைக்கச் சொல்லிக் காட்டினால், அவர் அடுத்தமுறை அதிகமாக இறுக்க மாட்டார். முதல் 10 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளைத் திரும்ப இறுக்கி, சீல் அடியில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளையாகப் பூத்திருந்தால் தண்ணீர் கசிகிறது.

விசைப்படகு வேலை எடுப்பவர்கள் காலண்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கரையேறும், எல்லோருக்கும் ஒரே வாரத்தில் சாமான் வேண்டும். வழக்கமாக வரும் இன்ஜின்களுக்கான கன்மெட்டலையும் 316 குச்சியையும் பங்குனியிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு புஷ் கடையும்போதே அதே குச்சியில் இன்னொன்றையும் கடைந்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, படகின் பெயரையும் அளவையும் எழுதிப் படகுக்காரரிடமே கொடுங்கள். அவருடைய டூல் பெட்டியில் அது இருக்கட்டும். வரைந்த தாளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உடலில் உண்மையில் வந்த துளை அளவையும் பொருத்திய தேதியையும் அதிலேயே குறித்து.